போர்க்கால யூதக் குழந்தைகளைப் பற்றிய நாவல்கள்: பதினோரு வயது மகளுக்கு எதைக் கொடுப்பது?

தாமரைக்குளம்

வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளி நூலகத்திலிருந்து ஜான் பாய்ன் எழுதிய 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' நாவலை எடுத்து வந்து இரண்டே நாளில் முடித்துவிட்டாள். நாஜி முகாம் தளபதியின் மகன் புரூனோவும், முகாமுக்குள் அடைபட்ட யூதப் பையன் ஷ்முவேலும் வேலிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி நண்பர்களாகிற கதை. அழுதாள். அது பரவாயில்லை, நானும் அந்த வயதில் புத்தகம் படித்து அழுதவள்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, புரூனோ வேலிக்கு அடியில புகுந்து உள்ளே போனானே, அதே வழியா ஷ்முவேல் வெளியே வந்திருக்கலாமே? ஏன் வரலே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று விளக்கை அணைத்துவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஹிட்லர், யூதர்கள், முகாம் என்று பொதுவாகத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும். ஆன் பிராங்கின் டைரியைப் பாதி படித்திருக்கிறேன்.

இரண்டு உதவி வேண்டும். அவள் கேள்விக்கு உண்மையான பதில் என்ன? அப்புறம், இதைப் பற்றி இன்னும் படிக்கவேண்டும் என்கிறாள். என்ன கொடுக்கலாம்? வரலாற்றுப் பாடப்புத்தகம் வேண்டாமாம், கதைதான் வேண்டுமாம்.

ஏட்டுச்சுவடி

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அம்மா. கதைகளைப் பற்றி இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஷ்முவேல் வெளியே வந்திருக்க முடியாது. அதைவிட முக்கியமாக, ஒரு வேலிக்கு அருகே தினமும் தனியாக உட்கார்ந்து வெளியே இருக்கும் பையனோடு பேசிக்கொண்டிருக்கவே அவனால் முடிந்திருக்காது. கதை நடக்கும் ஆஷ்விட்ஸ் பிர்கெனா முகாமைச் சுற்றி இருந்தவை மின்சாரம் பாய்ச்சிய முள்வேலிகள். காவல் கோபுரங்கள் இருந்தன, ராத்திரியில் விளக்கு வெளிச்சம் இருந்தது. கையால் தூக்கிக் குனிந்து புகுந்துவிடுகிற வேலி கதைக்காகச் செய்துகொண்டது.

அதற்கும் முன்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஒன்பது வயது யூதப் பையன் அந்த முகாமில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்ததே அபூர்வம். ரயிலிலிருந்து இறக்கியவுடன் ஆட்களைப் பிரித்தார்கள். வேலை வாங்க உதவாதவர்கள் என்று நினைத்த குழந்தைகள், முதியவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் சுமார் 2,32,000 பேர். அதில் சுமார் 2,16,000 பேர் யூதக் குழந்தைகள். 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை உள்ளே நுழைந்தபோது உயிரோடு மிஞ்சியிருந்த சிறுவர்கள் சில நூறு பேர்தான். அவர்களில் பலர் மருத்துவன் மெங்கலே தன் சோதனைகளுக்கென்று உயிரோடு வைத்திருந்த இரட்டையர்கள்.

புரூனோவின் பக்கமும் இடிக்கிறது. படைத் தளபதியின் மகன், பெர்லினில் வளர்ந்தவன், ஹிட்லர் யார் என்றே தெரியாது என்கிறது கதை. அந்தக் காலத்து ஜெர்மன் பள்ளியில் ஒவ்வொரு நாளும் கையை நீட்டி ஹிட்லர் வணக்கம் சொல்லித்தான் பாடம் தொடங்கும். பத்து வயது ஆனால் நாஜி சிறுவர் அமைப்பில் சேர்ந்தாக வேண்டும். ஆஷ்விட்ஸ் என்ற ஊர்ப் பெயரை அவன் 'அவுட் வித்' என்று தவறாகச் சொல்வதாக ஒரு சொல்விளையாட்டும் வருகிறது. அது ஆங்கிலத்தில் மட்டுமே பலிக்கும், ஜெர்மன் பேசும் பையனுக்கு அந்தத் தவறு வரவே வராது.

2020 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் நினைவிடமே இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

மகளிடம் எண்களைச் சொல்லவேண்டாம். "அந்த வேலி அப்படி இல்லை கண்ணு, கதை எழுதினவர் மாற்றி எழுதிட்டார்" என்று சொல்லுங்கள். இப்போதைக்கு அவளுக்கு அது போதும்.

ரயில்பெட்டி

ஐயா சொன்ன தகவல்களை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த நாவலுக்காக ஒருவராவது பேசவேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் கல்லூரி முதலாமாண்டில் இதைப் படித்தேன். அதுவரைக்கும் இரண்டாம் உலகப்போர் என்றால் எனக்கு டாங்கி, விமானம், வரைபடத்தில் அம்புக்குறி. ஒரு குழந்தை அதில் செத்துப்போகும் என்பது மனதுக்குள் இறங்கியது இந்தப் புத்தகத்தால்தான். அதற்கப்புறம்தான் ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்டு அதைப் பற்றி எழுதிய ப்ரீமோ லெவியைத் தேடிப் போனேன். இதை நீதிக்கதை மாதிரியான கற்பனை என்றுதான் ஆசிரியரே அட்டையில் போட்டிருக்கிறார். பஞ்சதந்திரத்தில் சிங்கம் பேசுமா என்று நாம் கேட்பதில்லையே. உள்ளே நுழைய ஒரு கதவாக இருந்தால் போதாதா?

நூலகப்புழு

தம்பி, நீங்கள் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய் லெவி வரைக்கும் நடந்தீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) கல்வி மையம் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்களிடம் ஆய்வு செய்தபோது இந்தக் கதையின் பெயரைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். ஜெர்மானியர்களுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது, அவர்களும் பாவம் என்ற எண்ணம் இந்தக் கதை வழியாகப் பிள்ளைகளிடம் படிந்திருக்கிறது. சிங்கம் பேசாது என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். முள்வேலியில் மின்சாரம் இருந்தது என்பது பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

எனக்கு அதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. கடைசிப் பக்கங்களில் நம் நெஞ்சு யாருக்காக அடித்துக்கொள்கிறது? தளபதியின் மகனுக்காக. தவறுதலாக உள்ளே போய்விட்டானே என்று. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கும் ஷ்முவேல் உள்ளே இருப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. அவனுக்கு ஒரு குறும்பு, ஒரு கோபம், ஒரு தந்திரம், வீட்டில் பாட்டி சொன்ன ஒரு கதை, எதுவும் இல்லை. பசியோடு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். தாமரைக்குளம் அக்கா, உங்கள் மகள் மட்டும்தான் அவன் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டிருக்கிறாள். அந்த ஒரு கேள்வி போதும், அவளுக்கு என்ன புத்தகம் கொடுக்கவேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊரி ஓர்லெவ் எழுதிய 'தி ஐலண்ட் ஆன் பேர்ட் ஸ்ட்ரீட்'. பறவைத் தெருவில் ஒரு தீவு. எபிரேயத்தில் 1981-இல் வந்தது, ஆங்கிலத்தில் கிடைக்கிறது.

அலெக்ஸ் என்று பதினோரு வயதுப் பையன். போலந்தில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ. ஆட்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பாவிடமிருந்து பிரிந்துவிடுகிறான். 78-ஆம் எண் இடிந்த கட்டடத்தில் காத்திரு, அப்பா வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் காத்திருக்கிறான். கூட ஒரு வெள்ளை எலி, பெயர் ஸ்னோ. கையில் ராபின்சன் குரூசோ புத்தகம்.

நான் இந்த நாவலை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டடத்தை அவன் வீடாக்கும் பகுதியில்தான் மெதுவாகிவிடுவேன். குண்டு விழுந்து தரைகள் சரிந்த கட்டடம். மேலே ஒரு மாடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு சாமான் அலமாரி மட்டும் விழாமல் நிற்கிறது. ஏற மாடிப்படி இல்லை. அங்கே ஏறிவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். எப்படி ஏறுவது? கயிற்று ஏணி செய்கிறான். ஏறியபின் அதை மேலே இழுத்துக்கொள்ளவும் வேண்டும், மறுபடி கீழே விடவும் வேண்டும், கீழே நிற்பவன் கண்ணில் எதுவும் படவும் கூடாது. ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் செய்கிறான். அங்கிருக்கும் ஒரு காற்றுத் துவாரம் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள தெரு தெரிகிறது. அங்கே பிள்ளைகள் புத்தகப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். கடைக்காரர் கடையைத் திறக்கிறார். சில அடி தூரத்தில் அன்றாட வாழ்க்கை அதுபாட்டுக்கு நடக்கிறது. அந்தத் துவாரத்தை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

அவன் சுவரைத் தாண்டி அந்தப் பக்கமும் போய் வருகிறான், அக்கா. உங்கள் மகள் தேடியது அதைத்தான். தாண்டிப் போனால் என்ன ஆகும், யார் காட்டிக்கொடுப்பார்கள், யார் உதவுவார்கள், போலிஷ் மொழியை யூதச் சாயல் இல்லாமல் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன, எல்லாமே அதில் இருக்கிறது. ஒரு இடத்தில் துப்பாக்கிச் சூடும் ஒரு சாவும் வரும், அதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன்.

ஓர்லெவ் 1931-இல் வார்சாவில் பிறந்தவர். அதே வயதில் தம்பியோடு கெட்டோவில் ஒளிந்திருந்தார். அம்மா கொல்லப்பட்டார். பிறகு பெர்கன் பெல்சன் முகாம். அங்கிருந்து உயிரோடு மீண்டு பாலஸ்தீனம் போனார். 1996-இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. 2022-இல் காலமானார். பிள்ளைகளின் பயத்தையும் விளையாட்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத அவரால் முடிந்தது. அவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை.

வடகடல் வாசகி

நான் டென்மார்க்கில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருசத்துக்கு மேல். இங்கத்தையக் கதை ஒன்று இருக்கிறது என்றபடியால் எழுதுகிறேன்.

லோயிஸ் லோரியின் 'நம்பர் தி ஸ்டார்ஸ்' 1989-இல் வந்த நாவல், அடுத்த வருசம் அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் கிடைத்தது. கோபன்ஹேகன், 1943. அன்னமரி பத்து வயதுப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பம். எலன் அவளுடைய சிநேகிதி, யூதப் பிள்ளை. ஜெர்மன் படையாட்கள் ராத்திரி வீட்டுக்குள் வந்து தேடுகிற இடம் ஒன்று வரும். எலனின் கழுத்தில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம் போட்ட சங்கிலி. கொக்கி கழன்று வரவில்லை. காலடிச் சத்தம் கதவுக்கு வந்துவிட்டது. அன்னமரி ஒரே இழுவையாக அறுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொள்கிறாள். ஆட்கள் போனபிறகு கையை விரித்துப் பார்த்தால் உள்ளங்கையில் அந்த நட்சத்திரத்தின் அச்சு பதிந்துபோய் இருக்கிறது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தங்கள் கையைப் பார்த்தவர்கள்.

இது நடந்த பின்னணி முழுக்க உண்மை. 1943 செப்டம்பர் கடைசியில் ஜெர்மன் தூதரகத்தில் வேலை செய்த டுக்விட்ஸ் என்பவர், யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியை டேனிஷ் அரசியல்வாதிகளிடம் சொல்லிவிட்டார். செப்டம்பர் 29 காலமை தொழுகைக்கு வந்தவர்களிடம் யூத மதகுருவான ரப்பி மெல்கியோர், வீட்டுக்குப் போகாதையுங்கோ, ஒளிந்துகொள்ளுங்கோ, மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ என்று சொல்லி அனுப்பினார். அடுத்த கிழமைகளில் மீன்பிடிப் படகுகளில் சுமார் 7,200 யூதர்கள் சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 470 பேர் பிடிபட்டு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கதையில் வருகிற மருந்து தோய்த்த கைக்குட்டையும் உண்மைதான். காய்ந்த இரத்தமும் கொக்கெய்னும் கலந்து தடவிய துணி. நாய் அதை மோந்தால் கொஞ்ச நேரத்துக்கு மோப்பம் போய்விடும். படகுக்குள் ஒளிந்திருந்தவர்களை அப்படித்தான் காப்பாற்றினார்கள். டேனிஷ் அரசர் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொண்டு தெருவில் போனார் என்று ஆட்கள் சொல்லுகிற கதை மட்டும் நடந்ததில்லை. இங்கே யூதர்களை நட்சத்திரம் குத்தச் சொல்லிச் சட்டமே வரவில்லை.

இரண்டு விசயம் அந்தப் புத்தகத்தில் இல்லை, பிள்ளைகளோடு கதைக்கும்போது நான் சொல்லுவேன். ஒன்று, படகுக்காரர் பலர் காசு வாங்கினார்கள், சராசரியாக ஆளுக்கு ஆயிரம் குரோனர் அளவில். சிலர் அதற்கும் மேலே கேட்டார்கள். இரண்டாவது, கடலில் அழுது காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்திலும் போகிற வழி தெரியாமலும் நூற்றுக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகளை டேனிஷ் குடும்பங்களிடம் விட்டுவிட்டுத் தாய் தகப்பன் போனார்கள். ஒன்றரை வருசம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது சில பிள்ளைகளுக்குப் பெற்ற தாயைத் தெரியவில்லை. அதைப் பற்றி ஒருவர் பிள்ளைகளுக்கு நாவல் எழுதவேண்டும் என்பது என் ஆசை.

கதையில் மாமாவின் வீடு இருக்கிற கில்லலை என்ற ஊருக்கு நான் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன மீன்பிடித் துறை. அங்கே தேவாலயத்தின் பரணில் சுமார் 80 பேர் ஒளிந்திருந்து, அக்டோபர் 6 ராத்திரி காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்கள். நாவலில் அது இல்லை, அதில் எல்லோரும் தப்புகிறார்கள். என் மகள் கீழே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எண்பது பேர் சத்தம் போடாமல் எப்படி அம்மா இருந்தவை?" என்று கேட்டாள். நான் பங்கருக்குள் சத்தம் போடாமல் இருந்த பிள்ளை. ஆனாலும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நூலகப்புழு

அக்கா, பரணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

'நம்பர் தி ஸ்டார்ஸ்' எனக்கும் பிடிக்கும். ஒரே ஒரு குறை சொல்லிவிடுகிறேன். ஓடுவது, கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவது, நாய்களுக்கு முன்னால் நிற்பது எல்லாம் அன்னமரி. எலன் காப்பாற்றப்படுகிறாள். இப்படிப்பட்ட நாவல்களில் பாதிக்குமேல் யூதக் குழந்தை யாரோ ஒருவர் வீட்டு நிலவறையிலோ பரணிலோ இருக்கும், கதை காப்பாற்றியவரைச் சுற்றி நடக்கும். வாசிக்கிற பிள்ளை காப்பாற்றியவராகத் தன்னை நினைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஒளிந்திருந்த பிள்ளையாகவும் ஒருமுறை தன்னை நினைத்துப் பார்க்கவேண்டாமா?

பிராங்பர்ட் அப்பா

இங்கே பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் படிக்கக் கொடுக்கும் ஒரு நாவலைப் பற்றிச் சொல்கிறேன். ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் 1961-இல் எழுதியது, ஆங்கிலத்தில் 'ஃப்ரீட்ரிக்' என்ற பெயரில் கிடைக்கும். என் மகன் போன வருடம் வகுப்பில் படித்தான்.

ஒரே கட்டடத்தில் கீழ் வீட்டில் ஒரு ஜெர்மன் குடும்பம், மேல் வீட்டில் ஷ்னைடர் என்ற யூதக் குடும்பம். இரண்டு வீட்டிலும் 1925-இல் ஒரே வாரத்தில் ஆண் குழந்தை பிறக்கிறது. ஜெர்மன் பையன்தான் கதை சொல்கிறான், அவனுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. 1938 நவம்பரில் யூதர்களின் வீடு, கடை, தொழுகைக்கூடம் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிய நாள் வருகிறது. இந்தப் பையன் வேடிக்கை பார்க்க நிற்கிறான். கூட்டம் ஒரு விடுதிக்குள் நுழைகிறது. அவனும் போகிறான். அவன் கையில் ஒரு சுத்தியல் வருகிறது. முதலில் எதையோ ஒன்றைத் தட்டுகிறான். கண்ணாடி உடைகிறது. அப்புறம் நிறுத்தவே முடியவில்லை, உடைக்க உடைக்க உற்சாகமாக இருக்கிறது. களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் மேல் வீட்டை அதேமாதிரி உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் அழுகிறான்.

என் மகன் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து, "அப்பா, அவன் கெட்ட பையன் இல்லையே, பிறகு ஏன் உடைச்சான்?" என்றான். நாங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரம் பேசினோம். கோடைவிடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு தெருச்சண்டையைத் தூரத்தில் பார்த்தான். கூட்டத்துக்குப் பக்கத்தில் போகாதே என்று நான் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை, தானாகவே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

குறை என்றால், நூலகப்புழு சொன்ன அதே குறைதான். ஃப்ரீட்ரிக் மனதில் என்ன ஓடியது என்று தெரியாது. கடைசி அத்தியாயம் மிகவும் கனமானது. பதின்மூன்று வயதுக்கு முன்னால் கொடுக்கவேண்டாம் என்பது என் எண்ணம்.

ஏட்டுச்சுவடி

ஒளிந்திருந்த பிள்ளையே வாய் திறந்து சொல்வது என்றால் ஜோசப் ஜோஃபோவின் 'எ பேக் ஆஃப் மார்பிள்ஸ்' நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சில் 1973-இல் வந்தது. தன் சொந்த வாழ்க்கையை நாவலாக எழுதினார். பாரிசில் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துப் பள்ளிக்குப் போகும் ஜோவிடம் வகுப்புத் தோழன் அந்தத் துணித் துண்டுக்கு ஒரு பை கோலிக்குண்டு தருவதாகச் சொல்கிறான். மாற்றிக்கொள்கிறார்கள். அந்தத் தோழனுக்கு அது ஒரு பதக்கம் மாதிரி தெரிகிறது!

அன்று இரவு அப்பா ஜோவையும் அண்ணன் மொரீஸையும் கூப்பிட்டு, நீங்கள் இரண்டு பேரும் தனியாகக் கிளம்புங்கள் என்கிறார். ஒருவனுக்குப் பத்து வயது, இன்னொருவனுக்குப் பன்னிரண்டு. கிளம்பும் முன் சின்னவனைப் பார்த்து, நீ யூதனா என்று கேட்கிறார். இல்லை என்கிறான். பளாரென்று ஒரு அறை. அதுவரை பிள்ளைமேல் கை வைக்காத மனிதர். பொய் சொல்லாதே, யூதனா இல்லையா என்று மறுபடி கத்துகிறார். இல்லை, இல்லை என்று பையன் கத்துகிறான். அப்பா எழுந்துகொள்கிறார். சரி, இனி நீ போகலாம்.

வகுப்பில் இந்தப் பகுதியை நான் தமிழில் சொல்லிக் காட்டுவேன். அடித்தது கோபத்தால் என்று முதல் வரிசைப் பிள்ளைகள் நினைப்பார்கள். சில நொடி கழித்து ஒவ்வொரு முகமாக மாறும். எந்த அடி விழுந்தாலும் அவன் இல்லை என்றே சொல்லவேண்டும் என்று பழக்கிவிட்டு அனுப்புகிறார் என்பது புரிந்துவிடும். அந்தத் தகப்பன் ஆஷ்விட்ஸில் இறந்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 'உண்மைக்கதை' என்று அட்டையில் போட்டிருப்பதை எல்லாம் நம்பிவிடாதீர்கள். மீஷா டிஃபோன்செகா என்ற பெயரில் ஒருவர், சிறுமியாக ஐரோப்பா முழுக்க நடந்து ஓநாய்களோடு வாழ்ந்து தப்பித்ததாக 1997-இல் புத்தகம் எழுதினார். பல மொழிகளில் வந்தது, திரைப்படம்கூட எடுத்தார்கள். 2008-இல் அத்தனையும் கட்டுக்கதை, தான் யூதரே இல்லை என்று ஒப்புக்கொண்டார். நாவல் என்று சொல்லி எழுதினால் எனக்கு ஆட்சேபமே இல்லை. சாட்சி என்று சொல்லிப் பொய் எழுதினால் நடந்ததையே நடக்கவில்லை என்று சொல்கிறவன் கையில் ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தாமரைக்குளம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடியே வேலியைப் பற்றிச் சொன்னேன். "அப்போ உண்மையில ஷ்முவேல் மாதிரி பசங்க என்ன பண்ணாங்க?" என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது.

பயமாகவும் இருக்கிறது. அறை, சுத்தியல், துப்பாக்கி, பரண் என்று நீங்கள் சொல்வதைப் படிக்கும்போது எனக்கே தூக்கம் போகிறது. பதினோரு வயதுக்கு எவ்வளவு தாங்கும்? என் அம்மா, பிள்ளைக்கு எதற்கு இந்தச் சாவுக்கதை எல்லாம், நல்லதாக எதையாவது கொடு என்கிறார்.

நூலகப்புழு

பாட்டி கவலைப்படுவதில் தப்பே இல்லை. இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: பாதுகாப்பாக உள்ளே கூட்டிக்கொண்டு போய், பாதுகாப்பாக வெளியே கூட்டிக்கொண்டு வருவது. சின்ன வயதில் எண்கள், பிணப்படங்கள், நச்சுவாயு அறை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு பிள்ளை, அவளுக்கு ஒரு பெயர், ஒரு வீடு, கூட யாராவது. அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தயக்கமாக இருந்தால் முதலில் ஜூடித் கெர்ரின் 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்' கொடுங்கள். 1971-இல் வந்த நாவல், அவருடைய சொந்தக் கதை. அப்பா பெர்லினில் பெயர்பெற்ற நாடக விமர்சகர், நாஜிகளைத் தாக்கி எழுதியவர். 1933-இல் குடும்பத்தோடு ஓடுகிறார்கள். முதலில் சுவிட்சர்லாந்து, பிறகு பாரிஸ், கடைசியில் லண்டன். ஒன்பது வயது அன்னாவுக்கு ஒரே ஒரு பொம்மைதான் எடுத்துக்கொள்ள இடம். புதுசாக வந்த நாய்ப் பொம்மையை எடுத்துக்கொண்டு, பல வருடமாகக் கூடவே தூங்கிய இளஞ்சிவப்பு முயலை விட்டுவிடுகிறாள். வீட்டைப் பறிமுதல் செய்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், இந்நேரம் ஹிட்லர் என் முயலோடு விளையாடிக்கொண்டிருப்பானோ என்று நினைக்கிறாள். முகாம் வராது, சாவும் அதிகம் வராது. ஆனால் அகதி என்றால் என்ன, மொழி தெரியாத வகுப்பில் உட்கார்வது எப்படி இருக்கும் என்பதெல்லாம் வரும்.

ஆனால் உங்கள் மகள் ஏற்கெனவே மிகக் கனமான முடிவு உள்ள புத்தகத்தைத் தனியாகப் படித்துவிட்டாள். இப்போது அவளுக்கு வேண்டியது மென்மையான புத்தகம் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பசங்க என்ன பண்ணாங்க என்று கேட்கிறாள். பறவைத் தெருதான் அதற்குப் பதில். ஒரே நிபந்தனை, நீங்களும் கூடவே படியுங்கள்.

வடகடல் வாசகி

நானும் அதையே சொல்லுவேன். பகலில் படிக்கச் சொல்லுங்கோ, படுக்கிற நேரத்தில் வேண்டாம்.

ஏட்டுச்சுவடி

பாட்டியிடம் சொல்ல ஒரு செய்தி, நம் நாட்டோடு தொடர்புள்ளது.

வார்சா கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் யூத அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தினார். சிறுவர்களுக்குக் கதைகள் எழுதியவர். 1942 ஜூலை 18 அன்று அந்தக் குழந்தைகள் ஒரு நாடகம் போட்டார்கள். தாகூரின் 'டாக்கர்', அதாவது அஞ்சல் நிலையம். நோயால் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாத அமல் என்ற சிறுவன் சன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற தயிர்க்காரர், காவல்காரர், பூக்காரச் சிறுமி எல்லோரோடும் பேசுகிறான். ராஜாவிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். காத்திருந்தபடியே இறந்துபோகிறான். சுவருக்குள் அடைபட்ட குழந்தைகள், வெளியே போகமுடியாத குழந்தையின் கதையை நடித்தார்கள். மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் தொடக்கத்தில், ஏறக்குறைய இருநூறு குழந்தைகளும் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கோர்ச்சாக்கும், அவரோடு இல்லத்தை நடத்திய ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவும் மற்ற ஆசிரியர்களும் அவர்களை விட்டுப் பிரியாமல் கூடவே போனார்கள்.

குழந்தைகளுக்குச் சாவைப் பற்றிய கதை வேண்டுமா என்ற கேள்வி அந்த மனிதருக்கும் இருந்திருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது இதைத்தான். நூலகப்புழு சொன்ன ஓர்லெவ் பின்னாளில் கோர்ச்சாக்கின் எழுத்துகளை எபிரேயத்தில் மொழிபெயர்த்தார்.

ரயில்பெட்டி

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று 'ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' நாவலை மறுபடி எடுத்தேன். ஷ்முவேல் பேசுகிற இடங்களை மட்டும் தேடித்தேடிப் படித்தேன். குறைவாகத்தான் இருக்கிறது. கிராகோவில் இருந்த வீட்டைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் சொல்ல ஆரம்பிக்கிறான், புரூனோ குறுக்கே புகுந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். பத்தொன்பது வயதில் அது என் கண்ணில் படவில்லை.

எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் நன்றி இன்னும் இருக்கிறது, அதை விடமாட்டேன். ஆனால் என் அக்கா மகனுக்குக் கொடுக்கலாம் என்று வாங்கி வைத்திருந்ததைக் கொடுக்கவில்லை. அவனுக்கு ஜோஃபோவை வாங்கப்போகிறேன். பிராங்பர்ட் அப்பா, 'ஃப்ரீட்ரிக்' எனக்காக.

தாமரைக்குளம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், படித்துக்கொண்டிருந்தோம்.

புத்தகம் இணையத்தில் வாங்கினேன், பழைய பிரதி, முதுகு கிழிந்து வந்தது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் பாலும் முறுக்குமாக உட்கார்ந்து ஒரு அத்தியாயம், மாறி மாறிச் சத்தமாக. சில ஆங்கில வாக்கியங்களில் இரண்டு பேருமே தடுக்கி விழுந்தோம். அம்மா முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படியில் இருந்தார். நாலாம் நாள் கதவோரம் வந்து உட்கார்ந்தார். ஆறாம் நாள், "அந்த எலிக்குச் சாப்பாடு போட்டானா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவருக்காக நான் தமிழிலும் சொல்லவேண்டியிருக்கிறது.

கயிற்று ஏணி வந்த அன்று எங்கள் கொடிக்கயிறு காணாமல் போய்விட்டது. மாடிப்படிக் கைப்பிடியில் கட்டி, பழைய அடிக்கோல்களை நடுவில் முடிந்து, கீழே இருந்து பார்த்தால் தெரியாத மாதிரி மேலே இழுக்க முடிகிறதா என்று சாயங்காலம் முழுக்கச் சோதனை நடந்தது. இழுக்கும்போது ஒவ்வொரு தடவையும் அடிக்கோல் சுவரில் தட்டிச் சத்தம் வந்தது. "சத்தம் வந்தா மாட்டிக்குவான்மா" என்று சொல்லிவிட்டு, என் பழைய சுடிதார்த் துணியைக் கிழித்து ஒவ்வொரு அடிக்கோலிலும் சுற்றிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் தலையை நிமிர்த்தவே இல்லை.

ராத்திரி படுக்கும்போது ஷ்முவேலைப் பற்றி மறுபடி கேட்டாள். இந்தத் தடவை விளக்கை அணைக்கவில்லை, ஐயா சொன்னதில் அவளுக்குச் சொல்லக்கூடியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், அவனுக்குக் கிராகோவில் எந்தத் தெரு என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டாள். நாளைக்கு நூலகத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி. அலெக்ஸின் அப்பா வருவாரா மாட்டாரா என்று யாரும் இங்கே எழுதிவிடவேண்டாம் என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லச் சொன்னாள். அவளுக்காக மட்டும் இல்லை, பாட்டிக்காகவுமாம்.